ஜோகினிக் கல்லைத் தாண்டிய வண்டி

குல்லுவில் இருந்த அந்தக் கார் கடைக்குள் பிரமிளா நுழைந்தபோது அவள் கையில் ஒரு நீளமான அக்ரூட் குச்சி இருந்தது. அதன் நுனியில் குறுக்காக ஒரு கட்டைத் துண்டை ஆணியடித்திருந்தாள். தோளில் ஆட்டுமயிர்க் கயிறு ஒரு சுருள். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கு, இந்தம்மா கார் வாங்க வந்தவளா, காணாமல்போன மாட்டைத் தேடி வந்தவளா என்று குழப்பம்.

"குச்சி எதுக்கு மேடம்? வெளிய நாய் எதுவும் துரத்துச்சா?" டை கட்டிய விற்பனையாளன் பல்லைக் காட்டினான்.

"சின்ன கார் வேணும். வயிறு உசரமா இருக்கணும்" என்றாள்.

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இதப் பாருங்க, கரடுமுரடு ரோட்டுக்குன்னே செஞ்சது. சுத்தி கறுப்புப் பட்டை, மேல கம்பி, பாக்க காட்டுக்குள்ள போற வண்டி மாதிரியே..."

பிரமிளா பேச்சைக் கேட்கவில்லை. பையைத் தரையில் வைத்தாள், பளிங்குத் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள், குச்சியைக் காருக்கு அடியில் விட்டாள். குறுக்குக் கட்டை செங்குத்தாக நிற்க, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் மெல்ல இழுத்தாள். முன்சக்கரத்தைத் தாண்டியதுமே 'டக்' என்று தட்டியது.

"இது ஆகாது."

"மேடம், அது கீழ இருக்கிற தகடுதான். சும்மா ஒரு காப்புக்கு. அதெல்லாம் கணக்குல வராது."

"உங்க கணக்குல வராது. கல்லோட கணக்குல வரும்."

"சுத்தி எவ்ளோ அழகா கறுப்புப் பட்டை போட்டிருக்கான் பாருங்க."

"பட்டை கறுப்பா இருந்தா கல்லு பயந்து ஒதுங்குமாப்பா?"

அவனுடைய சிரிப்பு அதோடு நின்றது. பிரமிளா எழுந்து சல்வாரைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியேறினாள். பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்ததும் ஒருத்தி களுக்கென்று சிரித்ததும் காதில் விழத்தான் செய்தன. விழட்டும். ஊரில் இதைவிடப் பெரிய சிரிப்பையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அவள் மலையிறங்கி வந்திருந்தாள்.

அவளுடைய மலைக்கிராமமான ஷில்தாரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் பிரமிளா, ஆண்களையும் சேர்த்துத்தான். நர்சிங் படித்து, மலைக்குக் கீழே பஞ்சார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, இடையில் ஒரு கல்யாணம் செய்து, அது சரிப்படாமல் பெட்டியோடு திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன மரவீட்டிலும் ஆப்பிள் தோட்டத்திலும் தனியாக இருந்துவந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண் தனியாக இருப்பதை ஊர் ஒருமாதிரி பொறுத்துக்கொண்டது. அவளுடைய சித்தப்பா டாபே ராம்தான் பொறுத்துக்கொள்ளவில்லை. அவருடைய தோட்டமும் அவள் தோட்டமும் ஒரே வேலியின் இரண்டு பக்கம். அவர் பக்கத்து மரங்கள் கிழடு தட்டியவை. அவள் பக்கத்து மரங்கள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியவை. மற்றபடி பகைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டாபே ராம் சாதாரண ஆள் இல்லை. ஊர்த் தெய்வத்துக்கு அவர்தான் சாமியாடி. தொப்பியைக் கழற்றி, நீள முடியை அவிழ்த்துவிட்டு அவர் ஆடத் தொடங்கினால், பேசுவது தெய்வம். தொப்பியை மாட்டிக்கொண்டால் பேசுவது டாபே ராம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்கும் தைரியம் ஊரில் ஒருவருக்கும் இல்லை. பிரமிளாவுக்குத் தெய்வத்தின்மேல் முழு பக்தி உண்டு. அந்தத் தொப்பிமேல்தான் சந்தேகம்.

அந்த வசந்தத்தில் கோயில் முற்றத்தில் ஊர் கூடியபோது, தொப்பியோடுதான் அவர் ஆரம்பித்தார்.

"மாசத்துல பாதி நாள் எங்க அண்ணன் வீட்டு அடுப்பு எரியல. எரியாத அடுப்பு இருக்கிற வீடு செத்த வீடு. ஊர் நடுவுல செத்த வீட்டை வெச்சுக்கிட்டு தெய்வத்துக்கு எந்தக் கையால பூ போடுறது, சொல்லுங்க."

சாயங்காலம் எந்த வீட்டுக் கூரையில் புகை வரவில்லை என்று எண்ணுவது இந்த மலையில் குழந்தைகளுக்கும் தெரிந்த பழக்கம். புகை வராத வீட்டுக்கு வாரிசு இல்லை என்று பொருள். வாரிசு இல்லாத வீட்டுச் சாவி கிட்டத்து ஆணிடம் போகும். சட்டம் வேறு சொல்லும். ஆனால் சட்டம் பஞ்சார் வரைக்கும்தான் பஸ்ஸில் வரும். அதற்குமேல் நடந்து ஏறுகிற பழக்கம் அதற்கு இல்லை.

"எட்டு மணி வரைக்கும் டூட்டி சித்தப்பா" என்றாள் பிரமிளா. "கடைசி பஸ் அஞ்சு மணிக்கே போயிடுது. பறந்தா வர முடியும்?"

"யாரு உன்னைப் பறக்கச் சொன்னா? குவாட்டர்ஸ் குடுக்குறாங்கல்ல, அங்கயே போய் இரு. சாவியை எங்கிட்ட குடு. எம்பையன் அடுப்பை எரிய வெப்பான்."

"அடுப்பை மட்டும் எரிய வெப்பானா, இல்ல ஆப்பிளையும் சேத்துப் பொறுக்குவானா?"

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. டாபே ராமின் காதுமடல் சிவந்தது. "புருஷன் வீட்டுல ஒரு வருஷம் குப்பை கொட்ட வக்கில்லாத வாழாவெட்டி. வாய் மட்டும் பஞ்சார் வரைக்கும் நீளுது."

இந்த முறையும் அதே ஆட்கள்தான் சிரித்தார்கள். பிரமிளா அதைக் குறித்துவைத்துக்கொண்டாள்.

கோயில் காரியக்காரர் லோத் ராம், தெய்வத்தின் வரவு செலவையும் ஊர் வழக்குகளையும் பார்ப்பவர். பாறையில் சாய்த்துவைத்த நெல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தவர், இருமிவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "கார் வாங்கிக்க பொண்ணு. எட்டு மணிக்குக் கிளம்புனா ஒம்போதுக்குள்ள வந்து அடுப்பைப் பத்த வெச்சிரலாம். முதல் பனி விழறதுக்குள்ள உன் வீட்டு முத்தத்துல உன் வண்டிச் சக்கரம் நிக்கணும். நின்னா ஒருத்தனும் வாயத் திறக்கக் கூடாது. நிக்கலன்னா சாவி டாபே ராம்கிட்ட. என்ன?"

டாபே ராம் தலையைப் பின்னால் சாய்த்துக் கடகடவென்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அது ஒரு கல்.

கீழே பஸ் போகும் சாலையிலிருந்து ஊருக்கு ஏறும் மண்பாதை, டாபே ராமின் வீட்டு வளைவில் ஒடுங்கும். ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் அவருடைய மாட்டுக் கொட்டகை. நடுவில், இரண்டு சக்கரத் தடத்துக்கும் இடையே, பூமிக்குள்ளிருந்து ஒரு கல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பாதை வெட்ட மண்வெட்டி எந்திரம் வந்த வருஷம் அதை உடைக்கப்போனபோது, டாபே ராம் தொப்பியைக் கழற்றினார். கல் ஜோகினியுடையது, மலைமேல் இருக்கும் பெண் தெய்வம் இறங்கி வரும்போது கால் வைக்கும் இடம், உளி படக்கூடாது, சக்கரம் ஏறக்கூடாது, இரும்பு உரசவும் கூடாது என்று சொல் இறங்கியது. எந்திரம் ஒதுங்கிப் போய்விட்டது. அடுத்த வருஷமே மாட்டுக் கொட்டகையின் மூலை பாதைக்குள் இரண்டு முழம் வளர்ந்தது. அதைப் பற்றித் தெய்வம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, பெரிய வண்டிகள் அகலத்தில் மாட்டிக்கொள்ளும். சின்ன வண்டிகள் வயிற்றில் தட்டும். ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றித் தாண்டலாம் என்றால் தெய்வக் குற்றம். டாபே ராமின் வீடு கல்லுக்குக் கீழே. அவர் மகனின் ஜீப் அவர் வாசல்வரை வரும். கல்லுக்கு மேலே இருக்கிறவர்களின் ஆப்பிள் எல்லாம் அவர் மகனின் கோவேறு கழுதைகள்மேல் கூலிக்கு இறங்கும். பிரமிளாவின் வீடும் கோயிலும் கல்லுக்கு மேலே.

மறுநாள் காலை டூட்டிக்குப் போகும் வழியில் பிரமிளா கல்லின் முன் குந்தி உட்கார்ந்தாள். முதலில் கும்பிட்டாள். பிறகு ஒரு குச்சியை நட்டு உயரத்தை அளந்தாள். ஒரு சாணுக்கு மூன்று விரல் குறைவு; அக்ரூட் குச்சியின் நுனியில் ஆணியடித்த கட்டைக்கு அதுதான் அளவு. கயிற்றை நீட்டிச் சுவருக்கும் கொட்டகைக்கும் இடையே அகலம் பிடித்து முடிச்சுப் போட்டாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கல்லுக்குச் சட்டை தைக்கப்போறியா?"

"ஆமா சித்தி. மீதித் துணி இருந்தா சித்தப்பா வாய்க்கு."

கறுப்புப் பட்டைக் கார் தோற்றுப்போன பிறகு, பூந்தர் பக்கம் இன்னொரு கடைக்குப் போனாள். இந்தத் தடவை கூடவே நூப் ராமை அழைத்துப்போனாள். பஞ்சாரில் பட்டறை வைத்திருப்பவன், மலையில் ஓடும் பாதி வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவன், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் வண்டி தெரியும் என்று நினைப்பவன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"பொம்பளைங்க கலர் பாத்துத்தான் வண்டி எடுப்பாங்க. நீ குச்சி எடுத்துட்டு வர்ற. இது என்ன புதுப் பைத்தியமோ."

அங்கே ஒரு காருக்கு அடியில் குச்சி தட்டாமல் போனது. முன்னாலிருந்து பின்னால்வரை தாராளமாக மூன்று விரல் இடம். நூப் ராம் தொடையைத் தட்டினான். "எடு இதை. இதைவிட உசரமான சின்ன வண்டி நீ எங்கயும் பாக்க முடியாது."

பிரமிளா காரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளமாக, சோம்பேறி மாடு மாதிரி நின்றது. அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம்."

"ஏன்? குச்சிதான் போச்சே!"

"இங்க தரை சமம். அங்க கல்லு ஏத்தத்து உச்சியில கிடக்கு. முன்சக்கரம் உச்சியத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கும்போது பின்சக்கரம் இன்னும் இந்தப் பக்கம் பள்ளத்துல இருக்கும். நடுவயிறு தொங்கும்."

"அதெல்லாம் தொங்காது."

"அண்ணே, வரப்புமேல நீள ஏணியப் படுக்கப்போட்டா நடுவுல முட்டும். குட்டை முக்காலியக் கவுத்தாம நிறுத்துனா முட்டாது. ஏணி உசரமா முக்காலி உசரமாங்கறது இல்ல கேள்வி."

நூப் ராம் கோபப்பட்டான். "அப்ப நீயே பாத்துக்க. எனக்கெதுக்கு பஸ் செலவு வெச்ச?" என்று சொல்லிவிட்டு, தள்ளுவண்டியில் அவன் பாட்டுக்கு மோமோ தின்னப் போய்விட்டான். சொன்னது சரி என்று தெரிந்த பிறகு மனுஷன் காட்டுகிற கோபத்துக்கு மருந்து கிடையாது என்பதை ஆஸ்பத்திரியில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது கடையின் பின்கட்டில், தூசி படிந்து, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. உள்ளே திரை இல்லை, பாட்டுப்பெட்டிகூட இல்லை. உடம்பு குட்டை. சக்கரம் ஒல்லி, ஆனால் உயரம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தன. மூக்கு நீளவில்லை, அடியில் தகடு தொங்கவில்லை. குச்சி உள்ளே போய், ஒரே ஒரு விரல் இடைவெளி விட்டு வெளியே வந்தது. பிறகு இரண்டு மரப்பலகையைச் சாய்த்து, காரை அதன்மேல் ஏற்றி உச்சியில் நிறுத்தச் சொன்னாள். சேவகம் செய்து செய்து அலுத்துப்போயிருந்த கடைக்காரர், "இன்னும் ஏதாவது இருக்காம்மா? காரைத் தூக்கி இடுப்புல வெச்சுப் பாக்கணுமா?" என்றார்.

"எறங்குறப்ப பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு மட்டும் பாக்கணும்" என்றாள் அவள், முகம் மாறாமல்.

உச்சியிலும் அந்த ஒரு விரல் மிச்சம் இருந்தது. கயிற்றை அகலத்தில் பிடித்தாள். பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் முடிச்சுக்குள் அடங்கியது. சம்பளத்தில் சேர்த்துவைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு, அதே கோடையிலும் மழைக்காலத்திலும் பஞ்சாரில் ஓட்டக் கற்றாள். கற்றுக்கொடுத்தவன் கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் திருப்பிக் கத்தினாள். ஐப்பசி முடிந்து, உச்சி மலைகள் வெளுக்கத் தொடங்கிய ஒரு நாள், வண்டியை ஊருக்குக் கொண்டுவருவதாகக் காரியக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள்.

எல்லாவற்றையும் அளந்தவள் ஒன்றை அளக்க மறந்திருந்தாள். தினமும் நோயாளிகளை எடைமேடையில் ஏற்றி இறக்குகிறவள்தான். ஆனாலும் மறந்தாள். கடையில் நின்ற வண்டி காலி வண்டி. எங்கள் மலையிலோ காலி வண்டி என்று ஒன்று ஓடியதே கிடையாது. வழியில் நிற்பவனை ஏற்றாமல் போனால் ஏழு ஊருக்கு வசை பரவும். அதிலும் புது வண்டி ஊருக்குள் முதல்முறை நுழையும்போது, சாமியாடி கனன்ற தூபக்காலோடு வழியில் வந்து நின்று அதை எதிர்கொள்ள வேண்டும். அந்தத் தணல் கோயிலைத் தொடும்வரை அணையக் கூடாது. அணைந்தால் வண்டிக்குத் தெய்வத்தின் அனுமதி இல்லை.

டாபே ராம் மறக்கவில்லை. பஸ் நிறுத்தத்தின் அக்ரூட் மரத்தடியில் வெள்ளை உடுப்பு, கம்பளிப் போர்வை, கையில் தூபக்கால் சகிதம் நின்றிருந்தார். பக்கத்தில் சித்தி. அதற்குப் பக்கத்தில் காரியக்காரர் லோத் ராம். பின்னால் பக்கத்து வீட்டு பீமா. காலடியில் ஒரு உப்பு மூட்டை.

பிரமிளா வண்டியை நிறுத்தினாள்.

"என்ன பாக்குற? பின்கதவைத் திற" என்றார் டாபே ராம். "உப்பு மூட்டை மாட்டுக்கு. மலைமேல இருக்கிற மாடுங்க உன்னை வாழ்த்தும்."

"சித்தப்பா, மொத தடவை. நான் தனியா ஓட்டிட்டுப் போறேன். நீங்க பின்னாடி..."

"கேட்டீங்களா?" அவர் காரியக்காரரைப் பார்த்தார். "தூபத்தை எடுத்துட்டு வந்த சாமியாடிய நடந்து வரச் சொல்றா. கார் வந்ததும் தலைகால் புரியல."

காரியக்காரர் பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். நுழைந்ததும் வண்டி ஒரு பக்கம் அமுங்கி முனகியது. சித்தி இடித்துக்கொண்டு ஏறினாள். பீமா உப்பு மூட்டையைப் பின்னால் ஏற்றிவிட்டு, கூச்சத்தோடு விளிம்பில் ஒட்டிக்கொண்டாள். டாபே ராம் முன்இருக்கையில் அமர்ந்து தூபக்காலை மடியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்த பிறகுதான் பிரமிளாவுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. ஒரு விரல். அந்த ஒரு விரலை இவர்கள் நாலு பேரும் ஒரு மூட்டை உப்பும் சேர்ந்து எப்போதோ தின்றுவிட்டார்கள். கல்லில் இரும்பு உரசினால் தெய்வக் குற்றம், பரிகாரம், அதற்குப் பிறகு அந்த வண்டி அந்தப் பாதையில் ஏறவே முடியாது. பனியோ இன்னும் சில நாளில் இறங்கிவிடும்.

வளைவுவரை வண்டி திணறிக்கொண்டே ஏறியது. சித்தி, "குலுங்குது, கழுதையே மேல்" என்றாள்.

கல்லுக்கு இரண்டு அடி முன்னால், ஒடுக்கத்துக்குள் நுழையாமல் பிரமிளா வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். பின்னாலிருந்து குச்சியை எடுத்து வண்டிக்கு அடியில் விட்டாள். நடுவில் 'டக்' என்று தட்டியது.

"எல்லாரும் எறங்குங்க. கல்லைத் தாண்டினதும் ஏறிக்கலாம்."

பீமா உடனே இறங்கினாள். மற்ற இருவரும் டாபே ராமைப் பார்த்தார்கள்.

"நான் எறங்க மாட்டேன்" என்றார் அவர், நேராகப் பார்த்துக்கொண்டு. "தூபம் ஏத்துன சாமியாடி பாதி வழியில எறங்குற வழக்கம் எங்க அப்பன் காலத்துலயும் இல்ல. உன் வண்டிக்குத் தெம்பு இருந்தா போ. இல்லன்னா இங்கிருந்தே திருப்பிக்க."

"எறங்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

"சரி."

பிரமிளா கைநீட்டிச் சாவியை உருவிக்கொண்டாள். பின்கதவைத் தூக்கி, உப்பு மூட்டையை இழுத்துக் கொட்டகைச் சுவரோரம் போட்டுவிட்டு, எல்லாக் கதவையும் சாத்தினாள். பிறகு எதிரே மலைச்சுவரின் திட்டில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து பாதி பின்னிய ஒரு காலுறையையும் ஊசிகளையும் எடுத்தாள். பின்னத் தொடங்கினாள்.

"என்ன பண்ற?" என்றார் காரியக்காரர் உள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல மாமா. சித்தப்பாவுக்கு அவசரம் இல்ல போலிருக்கு. எனக்கும் இன்னிக்கு டூட்டி இல்ல. குதிகால் பின்னி முடிச்சிடறேன்."

கண்ணாடிகள் ஏறியிருந்தன. சாவி இல்லாமல் இறங்காது. கதவைத் திறக்கலாம், ஆனால் கதவைத் திறந்தால் இறங்குகிற மாதிரி இருக்கும் என்று டாபே ராம் திறக்கவில்லை. அவர் திறக்காததால் மற்றவர்களும் திறக்கவில்லை. தூபப் புகை மெதுவாக உள்ளே நிறைந்தது. வெள்ளைக் காரின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மங்கின. முதலில் சித்தியின் முகம் மறைந்தது. அப்புறம் காரியக்காரரின் இருமல் மட்டும் வந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து எருமை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மேலிருந்து நான்கைந்து பேர் இறங்கிவந்து நின்றார்கள். வசந்தத்தில் சிரித்த அதே ஆட்கள்.

"என்ன பிரமிளா, உள்ள சமையல் நடக்குதா?"

"சித்தப்பா வேகுறாரு" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சித்திதான் முதலில் கதவை உதைத்துத் திறந்து வெளியே வந்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு, புருஷனையும் அவருடைய அண்ணன் மகளையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு. பின்னாலேயே காரியக்காரர் தவழ்ந்து இறங்கினார். அவர் இறங்கியதும் வண்டி நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு எழும்பியதை எல்லோரும் பார்த்தார்கள்.

டாபே ராம் மட்டும் அசையவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கி, பள்ளத்தாக்கில் நிழல் ஏறியது. குளிர் கடிக்க ஆரம்பித்தது. பிரமிளா திட்டிலிருந்து இறங்கி, திறந்த பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, தணல் வெளுத்துடுச்சு."

அவர் தூபக்காலைப் பார்த்தார். உண்மைதான். மேலே சாம்பல் பூத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு சிவப்பு. அவர் குனிந்து ஊதினார்.

"ஊதுங்க. சாமியாடி கையில தணல் அணைஞ்சா வண்டிக்கு அனுமதி இல்ல. அது என் குத்தம். ஆனா உக்காந்த இடத்துலயே அணையவிட்டது யாரு குத்தம்னு ஊர் கேக்குமில்ல?"

"நீ கொண்டுபோகாம நிறுத்திட்டு என்னைச் சொல்றியா?"

"நம்ம தெய்வத்தோட ரதம் கெளம்பும்போது நீங்க எங்க இருப்பீங்க சித்தப்பா? ரதத்து மேலயா? முன்னாடி தூபத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்துதானே போவீங்க? தெய்வத்துக்கே முன்னாடி நடக்குற சாமியாடி, என் தகர டப்பாவுல மட்டும் ஏறி உக்காந்துதான் வருவேன்னா எப்படி?"

கூடி நின்றவர்களிடம் ஒரு சலசலப்பு. காரியக்காரர் இருமலுக்கு நடுவே கையை உயர்த்தினார். அவர் நெஞ்சில் இன்னும் அரை வண்டிப் புகை இருந்தது. தீர்ப்பில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

"பொண்ணு சொல்றது வழக்கம்தான். டாபே ராம், எறங்கு. முன்னாடி நட. தணல் அணைஞ்சா தெய்வத்துக்கு நீதான் ஆடு குடுக்கணும், அவ இல்ல."

டாபே ராம் இறங்கினார். இறங்கும்போது அண்ணன் மகளைப் பார்த்த பார்வையில் அந்தப் பட்டாணித் தணலைவிடச் சூடு இருந்தது. "உங்கப்பன் இருந்திருந்தா உன்னை அறைஞ்சிருப்பான்" என்றார் தாழ்ந்த குரலில்.

"அவர் இருந்திருந்தா இந்தக் கொட்டகை மூலை பாதைக்குள்ள வந்திருக்காது" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

பிரமிளா குச்சியை இன்னொரு முறை அடியில் விட்டு இழுத்தாள். தட்டவில்லை. ஒரு விரல். பக்கக் கண்ணாடிகளை மடக்கினாள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பி, முதல் கியரில், பாதிக் கிளட்சில் வண்டியை நகர்த்தினாள். வலது பக்கம் மலைச்சுவர் கதவுக்கு நாலு விரல் தள்ளி ஊர்ந்தது. இடது பக்கம் எருமையின் மூக்கு கண்ணாடியில் ஈரம் தீற்றிவிட்டுப் போனது. முன்சக்கரங்கள் உச்சியேறி இறங்கின. அடியில் எந்தச் சத்தமும் வரவில்லை. பின்சக்கரங்களும் ஏறி இறங்கின. பீமா கைதட்டினாள்; சித்தி முறைத்ததும் கையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அங்கிருந்து கோயில்வரை ஏற்றம். டாபே ராம் தூபக்காலை ஊதி ஊதித் தணலைப் பிழைக்கவைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் பிரமிளாவின் கார், தெய்வத்தின் ரதம் மாதிரி, அவருடைய நடைக்கு நடை ஊர்ந்தது. பொழுது சாய்ந்துவிட்டதால் அவள் விளக்கைப் போட்டாள். சாமியாடியின் நிழல் அவருக்கு முன்னால் நெட்டையாக விழுந்து, அவருக்கு முந்தி மலையேறியது. அவர் வேகமாக நடந்து நிழலிலிருந்து விலகப் பார்த்தார். அவளும் வேகத்தைக் கூட்டினாள். மூச்சு வாங்கியது அவருக்கு. மூச்சு வாங்கட்டும் என்றே அவள் ஒலிப்பானையும் ஒருமுறை அடித்தாள். அது தேவையில்லாதது. இருந்தாலும் அடித்தாள்.

கோயில் வாசலில் தணல் உயிரோடு போய்ச் சேர்ந்தது. பிறகு அவள் முற்றத்தில் நாலு சக்கரமும் நின்றன. காரியக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "நின்னுடுச்சு. இனி ஒருத்தனும் பேசக் கூடாது" என்றார். பிரமிளா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஈர விறகையே வேண்டுமென்று வைத்தாள். கீழ்வீடு வரைக்கும் தெரிகிற மாதிரி புகை கிளம்பியது. வந்தவர்களுக்கெல்லாம் ஆவியில் வேகவைத்து நெய்யில் தோய்த்த சித்து ரொட்டி கொடுத்தாள். டாபே ராம் தின்னவில்லை. வாசலில் தூபச் சாம்பலை உதறிவிட்டு இறங்கிப் போனார்.

"சித்தப்பா, உப்பு மூட்டை உங்க கொட்டகை ஓரமாத்தான் கிடக்கு. மாடு நக்கறதுக்குள்ள எடுத்துக்குங்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

அதன்பிறகு அவர்கள் பேசிக்கொள்வதில்லை. எட்டு மணி டூட்டி முடிந்து வரும் நாளில் கீழ்வளைவில் யாரேனும் கைகாட்டினால் பிரமிளா ஏற்றிக்கொள்வாள், கல்லுக்கு முன்னால் இறக்கிவிடுவாள், தாண்டியதும் மறுபடி ஏற்றுவாள். இப்போது ஊரே அதற்குப் பழகிவிட்டது. சொல்லாமலே இறங்கி, கல்லைக் கும்பிட்டு, நடந்து ஏறிக்கொள்கிறார்கள். டாபே ராம் மட்டும் கைகாட்டியதில்லை. மழையில் நனைந்துகொண்டு நடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளும் ஒருமுறைகூட வேகத்தைக் குறைத்ததில்லை.

பனி உருகியதும் கொட்டகை மூலையில் புதிதாக ஒரு வரிசைக் கல் முளைத்திருந்தது. சுவர் சாய்கிறது, முட்டுக்கொடுத்தேன் என்று டாபே ராம் ஊரில் சொன்னாராம். பிரமிளா அதைப் பற்றிக் கேட்கவில்லை. முடிச்சுப் போட்ட கயிறு இன்னும் வண்டியிலேயே கிடக்கிறது. ஞாயிறு காலையில் கல்லுக்குப் பூ வைத்துவிட்டு, அந்தக் கயிற்றைச் சுவரிலிருந்து கொட்டகைவரை பிடித்துப் பார்க்கிறாள். சித்தி தவிடு கலக்கிக்கொண்டே கவனிக்கிறாள். என்ன தைக்கிறாய் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. போன ஞாயிறு அளந்தபோது, கதவுக்கும் சுவருக்கும் நடுவே முன்பு நாலு விரல் இருந்த இடத்தில் இரண்டு விரல்தான் மிச்சம் இருந்தது.